குழந்தைகள் உள்ள வீட்டில் தோட்டக் குளம்: தவளைக்கும் தும்பிக்கும் இடம் தந்து, ஆபத்தையும் தடுப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளின் கொல்லையிலும் முன்வாசலிலும் அமைக்கப்படும் சிறு குளங்கள், அல்லித் தொட்டிகள், சிமென்ட் உறை இறக்கிக் கட்டிய தாமரைத் தொட்டிகள் ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. குழந்தைக்காகக் குளத்தையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை. அதே நேரம், தவளையும் தும்பியும் வர வேண்டும் என்ற ஆசையில் குழந்தையின் உயிரோடு சிறிதும் விளையாடக் கூடாது. குழந்தையைத் தடுத்துத் தவளையை உள்ளே விடும் தடைகளை நம் ஊர்ப் பட்டறைகளிலேயே செய்து வாங்க முடியும் என்பதால், இந்த இரண்டு அக்கறைகளும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் குளம் வைக்கலாமா?

தடை ஏதுமற்ற திறந்த நீர்ப்பரப்பாக வைக்கக் கூடாது. கம்பிக் கிரில் போட்டோ, நான்கு புறமும் வேலி அமைத்தோ வைக்கலாம். அல்லது திறந்த நீரே இல்லாத சதுப்புப் படுகையாக அமைக்கலாம். இந்த மூன்றில் ஒன்றுக்கும் வசதியில்லை என்றால், குழந்தை வளரும்வரை குளத்தைத் தள்ளிப்போடுவதே சரியான முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. கடலையும் ஆற்றையும் மனத்தில் வைத்து இந்த எண்ணைப் படிக்கிறோம். ஆனால் தத்தித் தத்தி நடக்கும் வயதுக் குழந்தைகளைப் பறிப்பது பெரும்பாலும் வீட்டுக்கு வெகு அருகிலுள்ள நீர்தான்.

வீட்டில் குழந்தையே இல்லை என்பவர்களும் இதைத் தமக்குப் பொருந்தாது என்று கடந்துவிட வேண்டாம். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள், பந்து எடுக்க உள்ளே ஓடிவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வேலைக்கு வருபவர் உடன் அழைத்துவரும் குழந்தை என யாராவது ஒருவர் ஒருநாள் வரத்தான் போகிறார்கள். அந்தக் குளத்தோடு பழகியிராத குழந்தைக்கே ஆபத்து மிகுதி.

எங்கள் தொட்டியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அதிலுமா ஆபத்து?

ஆம். மூக்கும் வாயும் மூழ்கினாலே போதும் என்பதால், ஐந்து சென்டிமீட்டர் நீர்கூடச் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு உடலின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடத் தலையின் எடை அதிகம். தொட்டி விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு பூவை எட்டிப் பறிக்கும்போது, தலைதான் முதலில் சாயும். கவிழ்ந்த பிறகு கைகளை ஊன்றித் தலையைத் தூக்கும் வலிமையும், ‘எழுந்து நின்றால் பிழைத்துவிடலாம்’ என்ற அறிவும் அந்த வயதில் இருப்பதில்லை. அலறலோ, தண்ணீர் அடிக்கும் சத்தமோ கேட்கும் என்று நம்பியிருப்பதும் தவறு. வாயும் மூக்கும் நீருக்குள் இருக்கும்போது குரல் எழாது. ஓரிரு நிமிடங்களில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். குழம்பைக் கிளறிவிட்டு அடுப்பைத் தணிப்பதற்குள் கடந்துவிடும் நேரம் அது.

ஆகவே ஆழத்தைக் குறைப்பது நல்லதே என்றாலும், அதைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கொள்ளக் கூடாது.

எப்போதும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்; ஆனால் அது இரண்டாவது அரணாகவே இருக்க முடியும். வங்கதேசத்துக் கிராமங்களில் வீட்டையொட்டிய குளங்களில் குழந்தைகள் மூழ்குவது, தாய்மார் சமையலிலும் வீட்டு வேலையிலும் ஆழ்ந்திருக்கும் முற்பகலில்தான் மிகுதி என்று கண்டறிந்தார்கள். அதனால் காலை 9 மணி முதல் 1 மணி வரை குழந்தைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ‘ஆஞ்சல்’ என்ற பராமரிப்பு மையங்களைத் தொடங்கினார்கள். அவற்றுக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது. அந்தத் தாய்மார் யாரும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். வேலை செய்துகொண்டே ஒரு குழந்தையை ஒரு நொடியும் விடாமல் பார்ப்பது எவராலும் இயலாது என்பதே உண்மை.

விசேஷ நாட்களில் இது இன்னும் மோசம். பத்துப் பெரியவர்கள் கூடியிருக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவதால், குழந்தையை உண்மையில் ஒருவரும் பார்ப்பதில்லை. அத்தகைய நாட்களில் ‘அடுத்த அரைமணி நேரம் சித்தி பார்த்துக்கொள்வாள்’ என்று பெயர் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்து, நேரம் முடிந்ததும் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

குளத்தின் மேல் போடும் கிரில் எப்படி இருக்க வேண்டும்?

வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்குவதே நல்லது. 8 மி.மீ. கம்பிகளை 5 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்து, சுற்றிலும் 25 மி.மீ. எல்-ஆங்கிள் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் அகலக் குளமாக இருந்தால் நடுவே ஏறத்தாழ 35 செ.மீ.க்கு ஒன்றாக ஆங்கிள் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலே நிற்பவரின் எடையில் தொய்ந்துவிடும். ஒரு மீட்டர் நீள அகலமுள்ள கிரிலில் கம்பி மட்டுமே 16 கிலோ வரும். சட்டத்தையும் சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். அதைச் சிறுவர்களால் எளிதில் தூக்க முடியாது. ஆயினும் எடையை மட்டும் நம்பியிராமல், ஒரு புறம் கீலும் மறுபுறம் பூட்டுடன் கூடிய கொண்டியும் வைத்துவிட வேண்டும். சுத்தம் செய்யும்போது திறக்க வசதியாகவும் இருக்கும்.

பொருத்தி முடித்ததும் வீட்டிலேயே எடை கூடியவர் ஒருவர் நடுவில் ஏறி நின்று பார்க்க வேண்டும். சற்றே வளைந்து நின்றால் பரவாயில்லை. தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தொய்ந்தால் பட்டறைக்குத் திருப்பி அனுப்பித் தாங்கி போட்டு வாங்குங்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று. கிரிலின் அடிப்பகுதிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 10 செ.மீ. இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். கம்பி மேல் குப்புற விழும் குழந்தையின் முகம் தண்ணீரைத் தொடாமல் காப்பது அந்த இடைவெளிதான். ஒரு கனமழையிலேயே நீர் ஏறிக் கம்பியை மூடிவிட்டால் கிரில் இருந்தும் பயனில்லை. ஆகவே கிரிலுக்கு 10 செ.மீ. கீழே, மழைநீரைத் தாமதமின்றி வெளியேற்றும் அளவுக்குப் பெரிய வழிந்தோடு குழாயைத் தொட்டிச் சுவரில் முதலிலேயே பதித்துவிட வேண்டும். அதன் வாயில் சிறு சல்லடை இருந்தால் இலை அடைக்காது; தலைப்பிரட்டைகளும் வெளியே அடித்துச் செல்லப்படா.

நைலான் வலை மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கட்டிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். குழந்தை விழுந்தால் வலை தொய்ந்து நீருக்குள் இறங்கும். கைகால் அதில் சிக்கிக்கொள்ளும் என்பதால் வலை இல்லாத குளத்தைவிடவும் ஆபத்தாகிவிடும். பாம்பு, ஓணான், மீன்கொத்தி ஆகியவை அதில் மாட்டிக்கொண்டு அறுபட்டுச் சாவதும் உண்டு.

வேலி அமைப்பதானால் என்ன அளவுகள்?

நம் ஊரில் வீட்டுத் தோட்டக் குளங்களுக்கென்று அளவு சொல்லும் விதியைத் தேடுவதைவிட, நீச்சல்குள வேலி பற்றிக் கடுமையான சட்டம் வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவின் அளவுகளைப் பின்பற்றுவது எளிது. அங்கே வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர்; நேர்க்கம்பிகளுக்கு இடையேயும், தரைக்கும் வேலியின் அடிக்கும் இடையேயும் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்புறமாக, அதாவது வெளிநோக்கித் திறக்க வேண்டும்; கையை எடுத்தவுடன் தானாகச் சாத்திக்கொண்டு, தானாகவே தாழும் விழ வேண்டும். தாழ்ப்பாளின் பிடி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பது நல்லது. இதற்கு ஸ்பிரிங் கீல்கள் கடையில் கிடைக்கின்றன.

படுக்கைக் கம்பிகள் உள்ள வேலியும் வைர வடிவக் கம்பிவலையும் குழந்தைக்கு ஏணியாகிவிடும். நேர்க்கம்பிகளையே தேர்ந்தெடுங்கள். பூந்தொட்டி, நாற்காலி, செங்கல் அடுக்கு, கவிழ்த்து வைத்த வாளி போன்ற எதுவும் வேலியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கக் கூடாது.

மூன்று புறம் வேலி, நான்காவது புறம் வீட்டுச் சுவர் என்று அமைப்பவர்கள் பலர். அந்தச் சுவரில் பின்வாசல் கதவு இருந்தால் வேலி இருந்தும் இல்லாததுதான். ஏனெனில் குழந்தை வெளியே வருவது அந்தக் கதவு வழியாகவே. குளத்தைத் தனியாக்கி நான்கு புறமும் அடைத்த வேலியே மூழ்குவதைத் தடுப்பதில் மேலானது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. காம்பவுண்டுச் சுவர் ஊராரைத் தடுக்குமே தவிர, நம் வீட்டுக் குழந்தையைத் தடுக்காது.

இப்படிக் கம்பி போட்டு அடைத்துவிட்டால் உயிரினங்கள் வருமா?

வரும். ஒவ்வொன்றும் குளத்துக்கு எப்படி வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

தேரை நடந்தும் தத்தியும் வரும். நீரில் நீண்ட பாசிமணிச் சரம்போல முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். வேலியின் அடியிலுள்ள 10 செ.மீ. இடைவெளியும், கிரிலின் 5 செ.மீ. கண்ணும் அதற்குத் தாராளம். கூரையிலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளைக்கு இந்தத் தடைகள் பொருட்டே அல்ல. அது நீரில் முட்டையிடுவதும் இல்லை. மழைக்கால இரவில், நீருக்கு நேர்மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையிலோ தொட்டியின் உட்சுவரிலோ வெள்ளை நுரையைக் கடைந்து, அதற்குள் முட்டைகளைப் பொதிந்து வைக்கும். மறுநாள் வெயிலில் நுரையின் மேற்புறம் காய்ந்து பழுப்பேறிப் பொருக்காகும். உள்ளே ஈரம் காயாமல் இருக்கும். சில நாட்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே நீரில் சொட்டும். சோப்பு நுரையென்று நினைத்து அதைக் கழுவிவிடாதீர்கள். கிரில் கம்பியின் அடிப்பகுதியிலேயே நுரைக்கூடு கட்டுவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால், மழைக்காலத்தில் கிரிலைத் திறக்கும்முன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

உடல் பருத்த பெரிய தவளைகள் 5 செ.மீ. கண்ணில் நுழையச் சிரமப்படும். அவற்றுக்காக ஓர் ஓரத்தில் கிரிலுக்கும் கரைக்கும் நடுவே 8 செ.மீ. வரை இடைவெளி விடலாம், அதற்குமேல் வேண்டாம்.

ஊசித்தட்டான்கள் கம்பிகளுக்கு ஊடே எளிதாகப் புகுந்து தண்டுகளில் முட்டையிடும். பறந்தபடியே வால் நுனியால் நீரைத் தொட்டு முட்டையிடும் பெரிய தட்டான்களுக்குத் திறந்த நீர்ப்பரப்பே வசதி. இந்த ஒரு காரணத்துக்காகவே, இடமும் பணமும் உள்ளவர்களுக்குக் கிரிலைவிட வேலியையே பரிந்துரைக்கிறோம். சிறிய இடமானால் கிரில்தான் வழி. அதிலும் கோரைத் தண்டுகள் கம்பிக்கு மேலே நீண்டு நிற்கும்படி நட்டுவிட்டால், நீருக்குள் வளரும் தும்பியின் இளம்பருவமான இளரிகள், முதிர்ந்ததும் தண்டைப் பற்றி ஏறி, தோலுரித்துத் தும்பியாகப் பறந்துபோக வழி கிடைக்கும்.

தண்ணீரில் விழும் அணில், ஓணான் போன்றவை வெளியேற என்ன செய்வது?

செங்குத்தான சிமென்ட் சுவர் கொண்ட தொட்டியில் அவை நீந்தி நீந்திக் களைத்துச் சாகும். தேங்காய் நார்க்கயிறு சுற்றிய பலகை ஒன்றைச் சரிவாக நீருக்குள் இறக்கி வையுங்கள். அல்லது ஒரு மூலையில் கருங்கற்களைப் படிப்படியாக அடுக்குங்கள். அந்தச் சரிவின் ஈர விளிம்பில்தான் தேனீக்களும் தவிட்டுக்குருவிகளும் வந்து நீர் அருந்தும். சரிவான கரை விலங்குகளுக்கு உதவுவதுபோல் குழந்தைக்கும் உதவும் என்று எண்ணிவிட வேண்டாம். பாசி படிந்த சரிவில் குழந்தையின் கால் வழுக்கும். எனவே சரிவு முழுவதும் வேலிக்கோ கிரிலுக்கோ உட்பட்டே இருக்க வேண்டும்.

திறந்த நீரே இல்லாமல் உயிரினங்களுக்கு இடம் தர முடியுமா?

முடியும். கைக்குழந்தையும் தவழும் குழந்தையும் உள்ள வீடுகளுக்கு எங்கள் முதல் பரிந்துரை சதுப்புப் படுகையே. ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கெட்டியான தார்ப்பாயை விரித்து, அடியில் மண்ணும் மேலே கூழாங்கல்லுமாக விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். நீர்மட்டம் கூழாங்கல் பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே நிற்கும்படி தார்ப்பாயின் பக்கங்களில் சில துளைகள் இட்டால், மேலே நீர் தேங்காது, கொசுவுக்கும் இடமிருக்காது. மண் தெரியும்படி கல்லை விலக்கிய இடங்களில் வல்லாரை, நீர்ப்பிரம்மி, வசம்பு, கோரை ஆகியவற்றை நடலாம். தலைப்பிரட்டை வளர இது உதவாது என்றாலும், கோடையில் ஈரம் தேடி அலையும் தேரைக்கும் மரத்தவளைக்கும், வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் பெரும் புகலிடமாக இருக்கும். குழந்தைகள் வளர்ந்த பின் கூழாங்கல்லை அள்ளிவிட்டு இதையே குளமாக மாற்றிக்கொள்ளவும் முடியும்.

டெங்கு பரவும் ஊரில் குளம் வைப்பது சரியா?

கேட்க வேண்டிய கேள்விதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்தட்டு போன்ற சிறு கொள்கலன்களில் தேங்கும் நீரையே பெரிதும் நாடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர, நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தும்பி இளரிகளும் நீர்வண்டுகளும் மீன்களும் வாழும் குளத்தில் கொசுப்புழுக்கள் பிழைத்து வளர்வது கடினம். சிக்கல் புதிய குளத்தில்தான். வேட்டையாடிகள் வந்து சேருமுன் கொசு வந்துவிடும். அந்த முதல் சில வாரங்களில் வாரம் இருமுறை வெள்ளைக் கிண்ணத்தால் நீரை மொண்டு பாருங்கள். நெளிந்து நெளிந்து மேலே வரும் புழுக்கள் தெரிந்தால், கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. என்ற பாக்டீரிய மருந்தைப் பயன்படுத்தலாம். அது தவளைக்கும் மீனுக்கும் தீங்கு செய்யாது. பிளீச்சிங் பவுடரும் மண்ணெண்ணெயும் குளத்தையே கொன்றுவிடும்.

கொசு ஒழிப்புக்காகக் கொடுக்கப்படும் கம்பூசியா மீனை வாங்கி விடாதீர்கள். 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த அயல் மீன், தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்பதோடு நாட்டு மீன்களையும் விரட்டிவிடும். தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும் அப்ளோகைலஸ் வகைச் சிறு நாட்டு மீன்கள் நம் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் உண்டு. ஒரு சிறு குளத்துக்கு நான்கைந்து போதும். அவையும் தவளை முட்டைகளை ஓரளவு தின்னும் என்பதால் ஒரு மூலையில் வேலம்பாசி அடர்ந்திருக்க விடுங்கள்.

ஆமை, அழகு மீன்கள் விடலாமா?

உயிரினங்களுக்கான குளமென்றால் வேண்டாம். கோய், தங்கமீன் போன்றவை தலைப்பிரட்டையை மிச்சம் வைப்பதில்லை. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கப்படும் ‘டேங்க் கிளீனர்’ மீனும், காதோரம் சிவப்புப் பட்டையுள்ள அயல்நாட்டு ஆமையும் மழை வெள்ளத்தில் தப்பி ஏரிகளுக்குப் போய்ப் பெருந்தொல்லையாக வளர்கின்றன. அந்த ஆமை மூலம் சால்மோனெல்லா கிருமியும் குழந்தைகளுக்குத் தொற்றும். நட்சத்திர ஆமை, பால் ஆமை போன்ற நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவளைகளையும் வேறிடத்திலிருந்து பிடித்துவர வேண்டியதில்லை. நீர் இருக்கிறதென்று அறிந்தால் அவை தாமே வந்துசேரும்.

என்ன செடிகள் நடலாம்?

அல்லி, சிறு தாமரை, வேலம்பாசி, நீர்ப்பிரம்மி, கோரை ஆகியவை போதும். நீர்ப்பரப்பில் பாதியாவது இலை மூடியிருந்தால் நீர் சூடேறாது. வெங்காயத்தாமரையை அதன் ஊதாப் பூவுக்காகக்கூடச் சேர்க்காதீர்கள். சில வாரங்களில் குளம் முழுதும் மூடிவிடும். இலை மூடிய பரப்பு குழந்தையின் கண்ணுக்குப் பச்சைத் தரையாகவே தெரியும் என்பது இதிலுள்ள பெரிய ஆபத்து. அரளி முழுவதும் நஞ்சு என்பதால் குளக்கரையில் வேண்டாம்.

குளம் வைத்தால் பாம்பு வரும் என்கிறார்களே?

வரலாம். தவளை இருக்கும் இடத்துக்கு நீர்க்கோலி வருவது இயல்பு, அதற்கு நஞ்சில்லை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் வருவதற்குப் பெரும்பாலும் எலியும், ஒளிந்துகொள்ளும் இடுக்குகளுமே காரணம். எனவே குளத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள். விறகு, ஓடு, செங்கல் குவியல்களை அகற்றுங்கள். கரைக் கற்களின் இடுக்குகளைச் சிமென்ட் பூசி அடைத்துவிடுங்கள். மாலைக்குப் பின் டார்ச் இல்லாமல் யாரும் அங்கே செல்லக் கூடாது. பாம்பைக் கண்டால் அடிக்காமல், விலகி நின்று தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம்; கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

செயற்கை நீரூற்று வைக்கலாமா?

வைக்கலாம், 12 வோல்ட் பம்பாக இருந்தால். மின்மாற்றியை நனையாத இடத்தில் பொருத்தி, அந்த இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

மே மாத வெயிலில் நாளொன்றுக்கு 5 மி.மீ.க்கும் மேல் நீர் ஆவியாகும். ஆழம் குறைந்த குளம் ஒரு மாதத்தில் வற்றிச் சேறாகிவிடும். சேறும் குழந்தைக்கு ஆபத்துதான் என்பதால், வற்றிப்போனதென்று கிரிலைக் கழற்றி வைக்காதீர்கள். மாநகராட்சிக் குழாய் நீரை ஊற்றுவதானால் திறந்த வாளியில் ஒருநாள் வைத்திருந்து, குளோரின் நீங்கிய பின் ஊற்றுங்கள்.

மழைக்காலம்தான் மிக ஆபத்தானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஆனதுபோல முற்றமெங்கும் நீர் நின்றால், குளம் எங்கே தொடங்குகிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது. குளத்தின் நான்கு மூலைகளிலும் ஆளுயரக் கம்பம் நட்டுப் பளிச்சென்ற வண்ணம் பூசிவிடுங்கள். வெள்ளம் வடியும்வரை குழந்தைகளைக் கீழே இறக்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும் காலமும் அதுவே. காலில் புண்ணுள்ள எவரும் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம்.

குழந்தைகளைக் குளத்தருகே விடாமலேயே வளர்க்க வேண்டுமா?

அப்படியல்ல. பார்க்க விடாத இடத்துக்குத்தான் குழந்தை திருட்டுத்தனமாகப் போகும். நாள்தோறும் ஒரு நேரம் குறித்து, பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து, கைபேசியை உள்ளே வைத்துவிட்டுக் குளத்தைக் காட்டலாம். நீரை ஒரு வெள்ளைத் தட்டில் மொண்டு, குளத்திலிருந்து தள்ளி நிழலில் வைத்துப் பார்ப்பதே சிறந்த முறை. முதலில் ஒன்றும் தெரியாது, கலங்கல் அடங்கட்டும். மண் நிறத்தில் அசையாமல் கிடக்கும் தும்பி இளரி ஒன்று தட்டின் அடியில் புலப்படும். கொசுப்புழு அருகில் நெளிந்ததும், மடக்கி வைத்திருந்த கீழுதட்டை இமைப்பொழுதில் முன்னே நீட்டிக் கொக்கிகளால் கவ்வி இழுத்துக்கொள்ளும். ஒருமுறை அதைக் கண்ட குழந்தை, ‘பூச்சி’ என்று மிதிக்கக் காலைத் தூக்காது. பார்த்து முடித்ததும் நீரையும் உயிர்களையும் குளத்திலேயே ஊற்றிவிட்டுக் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும்.

குழந்தை நீரில் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

உடனே வெளியே எடுத்து, உரக்கக் கத்தி உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லாமல், மூச்சும் இயல்பாக இல்லையென்றால், கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு 108ஐ அழைத்துக்கொண்டே செயல்படத் தொடங்குங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது ஆகிய இரண்டும் நம் ஊரில் இன்றும் நடக்கின்றன. இவற்றால் உயிர் காக்கும் நிமிடங்கள் வீணாவதோடு, வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடவும் கூடும். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, தாடையை நிமிர்த்தி, இரண்டு முதல் ஐந்து முறை மார்பு உயரும்படி வாயில் மூச்சை ஊதுங்கள்; கைக்குழந்தையானால் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில், மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழுமாறு நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊதுங்கள். மூச்சு திரும்பும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. குழந்தை எழுந்து அழுதுவிட்டாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்து வெளிப்படலாம்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது. வீட்டில் குறைந்தது இருவர் முதலுதவிப் பயிற்சிக்குப் போய், பொம்மையில் கைவைத்துப் பழகி வர வேண்டும்.

குளம் இல்லாத வீட்டில் இந்தக் கவலை வேண்டாம் அல்லவா?

தரைத்தொட்டி, கிணறு, குளியலறை டிரம், துணி ஊறவைத்த அகலமான வாளி, கட்டட வேலைக்குத் தோண்டிய குழி ஆகியவற்றையும் குளமாகவே எண்ண வேண்டும். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு, கிணற்றுக்குக் கம்பி மூடி, வாளியில் நீர் விட்டுவைக்காத வழக்கம் ஆகிய மூன்றும் இருந்தாலே பெரும் ஆபத்துகள் நீங்கும். குளத்துக்குக் கிரில் செய்யப் பட்டறைக்குப் போகும்போதே கிணற்றின் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

குழந்தை நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டால் கிரிலை எடுத்துவிடலாமா?

நீச்சல் தெரிந்த குழந்தைக்கும் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் நீந்த முடியாது. ஆறேழு வயதுக்கு மேல், சொன்னதைக் கேட்டு நடக்கும் பழக்கமும் வந்தபின், பெரியவர் அருகில் இருக்கும் நேரத்தில் மட்டும் கிரிலைத் திறந்து வைக்கலாம். முற்றிலும் அகற்றுவதானால், அந்த வீட்டுக்கு வந்துபோகும் குழந்தைகளில் கடைசிக் குழந்தைக்கும் அந்த வயது ஆனபின் அகற்றலாம். அதுவரை ஆண்டுதோறும் பருவமழைக்கு முன், செப்டம்பரில், துருப்பிடித்த பற்றவைப்புகளைத் தட்டிப் பார்த்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, வழிந்தோடு குழாயில் ஒரு குடம் நீர் ஊற்றி அடைப்பில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.